சூப்பர் மார்க்கெட்டில் கிடைத்த கதாநாயகி!

1970களில் புதன்கிழமை ராத்திரியானால் சான்பிரான்சிஸ்கோவின் மரீனா பக்கத்து சேஃப்வே சூப்பர் மார்க்கெட்டில் சாமான் வாங்குகிற சாக்கில் இளசுகள் ஜோடி தேடுவார்களாம்! துப்பு கிடைத்ததும் கிளம்பிப் போனார் பத்திரிகையாளர் ஆர்மிஸ்டெட் மாபின். விசாரித்துப் பார்த்தார். ஒருத்தராவது ஒத்துக்கொள்ள வேண்டுமே! வீட்டுக்கு வந்தவர், செய்தியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பெண்ணைக் கற்பனையில் உண்டாக்கி அதே கடைக்குள் அனுப்பிவிட்டார். அவள்தான் மேரி ஆன் சிங்கிள்டன். 'டேல்ஸ் ஆஃப் தி சிட்டி' நாவல் பிறந்தது இப்படித்தான்!

கிளீவ்லாந்திலிருந்து எட்டு நாள் லீவில் வருகிறாள் மேரி ஆன். வயசு 25. ஐந்தாம் நாள் ராத்திரியே அம்மாவுக்குப் போன் போட்டு, இனி ஊர் திரும்பப் போவதில்லை என்று சொல்லிவிடுகிறாள். அப்புறம் வருகிறது அந்த சேஃப்வே காட்சி. காய்கறிப் பக்கம் ஓர் அழகன், பேச்சு சூடுபிடிக்கிறது, மனசு பறக்கிறது. அந்த நேரம் பார்த்து அவனுடைய காதலன் வந்து நிற்கிறான்! அந்தக் காதலன் மைக்கேல்தான் பின்னால் அவளுடைய உயிர்த்தோழன் ஆகிறான் என்பது எவ்வளவு அழகான முடிச்சு!

மேரி ஆன் குடிபோகிற வீடு 28, பார்பரி லேன். ரஷ்யன் ஹில்லில் மரப்படி ஏறிப் போகிற மெக்காண்ட்ரே லேன் என்ற நிஜச் சந்துதான் இதற்கு மூலம். வீட்டுக்காரம்மா மிஸஸ் மாட்ரிகல் புதுக் குடித்தனக்காரியை வரவேற்கக் கதவில் டேப் போட்டு ஒட்டிவைப்பது என்ன தெரியுமா? கையால் சுருட்டிய கஞ்சா! பால் காய்ச்சிக் குடிபோகிற நமக்குத் தூக்கிவாரிப் போடும். ஆனால் அந்தம்மாளைப் பிடிக்காமல் போகவே போகாது.

மாபினும் அந்த ஊருக்கு வந்தேறிதான். வட கரோலினாவில் வளர்ந்து, 1971ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவன வேலைக்காக வந்தவர். 1976 மே மாதம் சான்பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நாளிதழில் இந்தக் கதை தொடராக ஆரம்பமானது. வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்குக் கிட்டத்தட்ட 800 வார்த்தை! வாரத் தொடருக்கே தவித்துப் போகிற நமக்கு, தினம் ஒரு 'தொடரும்' என்றால் என்ன கொண்டாட்டம்!

பத்திரிகை ஆபீஸுக்குள் ஒரு வேடிக்கை நடந்தது. தன்பாலின ஈர்ப்புள்ள பாத்திரங்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடக் கூடாதென்று ஓர் ஆசிரியர் பட்டியல் போட்டுக் கணக்கு வைத்திருந்தார். தொடர் ஓடின ஓட்டத்துக்கு முன்னால் அந்தக் கணக்கெல்லாம் எம்மாத்திரம்!

நெஞ்சைத் தொட்டது இன்னொன்று. மாபினின் அப்பா அம்மா மகனுடைய தொடருக்காகவே வட கரோலினாவில் அந்தப் பத்திரிகையை வரவழைத்துப் படித்துவந்தார்கள். 1977ல் மைக்கேல் தன் அம்மாவுக்குத் தான் தன்பாலின ஈர்ப்புள்ளவன் என்று சொல்லிக் கடிதம் எழுதுகிற பகுதி வந்தது. தன் பெற்றோரிடம் நேரில் சொல்லத் தயங்கியதை மாபின் மைக்கேலின் கையால் எழுதிவிட்டார். அந்தத் துணிச்சலுக்காகவே அவரைக் கட்டிக்கொள்ளலாம்!

முதல் புத்தகம் 1978ல் வந்தது. வாங்கியவுடன் பின்பக்கத்தைப் புரட்டாதீர்கள். மிஸஸ் மாட்ரிகலிடம் ஒரு ரகசியம் இருக்கிறது; அனா மாட்ரிகல் என்ற பெயரின் ஆங்கில எழுத்துக்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள், நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்!