எந்த நர்சம்மா இருக்காங்க?

கல்லணையைத் தாண்டி வரும் காவிரி, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம்தான் குடமுருட்டி என்ற கிளையைப் பிரித்து விடுகிறது. ஊரைச் சுற்றிலும் நெல் வயல். நடுநடுவே வாழைத் தோட்டம்.

நடவுக் காலம். பொழுது விடிந்ததும் பெண்கள் வயலில் இறங்கிவிடுகிறார்கள். அவர்களில் ஒருத்திக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல்.

"ஆஸ்பத்திரிக்குப் போயேன்டி" என்கிறாள் பக்கத்தில் நிற்பவள்.

உடனே பதில் வராது. போனால் அன்றையக் கூலி போய்விடும். (2021-ம் ஆண்டு முதல் சாதாரண டவுன் பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் கூலி போனால் போனதுதான்!) வரிசையில் நிற்க வேண்டும். பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டுப் போக வேண்டும். இத்தனையும் மனதில் ஓடிய பிறகு அவள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"இன்னிக்கு எந்த நர்சம்மா இருக்காங்க?"

டாக்டர் யார் என்று அவள் கேட்கவில்லை. மருந்து இருக்கிறதா என்றும் கேட்கவில்லை.

காரணம் இருக்கிறது. டாக்டர் பார்ப்பது இரண்டு நிமிடம். ஊசி போடுவது நர்சு. புண்ணைத் துடைத்துக் கட்டுவது நர்சு. நள்ளிரவில் கூப்பிட்டால் எழுந்து வருவதும் நர்சுதான். படிக்காத பெண்ணுக்கு ஆஸ்பத்திரி என்பது கட்டிடம் அல்ல, நர்சின் முகம்.

"வாம்மா, உட்காரு. எத்தனை நாளா காய்ச்சல்?" என்று ஒருவர் கேட்டால் பாதி நோய் போன மாதிரி இருக்கும்.

"இத்தனை நாள் எங்கே போனே? இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று பத்துப் பேர் முன்னால் அதட்டினால்? அன்று ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். அடுத்த தடவை காய்ச்சல் வந்தால் மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குவாள். அவள் மட்டும் அல்ல. அவள் சொன்னதைக் கேட்ட தெருவே அப்படித்தான் செய்யும்.

மூன்று பெண்களின் சாவு

இது இன்று நேற்றுத் தோன்றிய சங்கதி அல்ல. 1890-களில் திண்டிவனத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் டாக்டராகவும் இருந்தார். அவருடைய மகள் ஐடா ஸ்கட்டர் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்திருந்த நேரம். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவிமாரும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கள் வாருங்கள் அம்மா" என்று அவர்கள் அழைத்தது அந்த இளம் பெண்ணை!

"எனக்கு வைத்தியம் தெரியாது. அப்பா டாக்டர். அவர் வருவார்" என்றார் ஐடா.

ஆண் டாக்டர் தங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதற்கு மூவரும் சம்மதிக்கவில்லை. திரும்பிப் போய்விட்டார்கள். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

டாக்டர் இருந்தார். மருந்து இருந்தது. கூப்பிடும் தூரத்தில்தான் இருந்தன. ஆனால் பக்கத்தில் வந்து தொட்டுப் பார்க்க அவர்களுக்கு ஏற்ற ஆள் இல்லை.

ஐடா ஸ்கட்டர் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்தார். 1900-ல் வேலூருக்குத் திரும்பி வைத்தியம் தொடங்கினார். அதுதான் இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. டாக்டர் மட்டும் போதாது என்பது அவருக்கு விரைவிலேயே விளங்கிவிட்டது. பெண்களுக்கு மருத்துவக் கல்வி அளிக்கும் பள்ளி அங்கே ஏற்பட்டது 1918-ல். நர்சுப் பள்ளியோ அதற்கும் முன்னால், 1909-லேயே வந்துவிட்டது!

"அந்த வேலைக்கா போகிறாய்?"

ஆனால் நர்சு வேலைக்குப் பெண்கள் சுலபத்தில் கிடைக்கவில்லை. பிறருடைய மலத்தையும் சீழையும் தொடும் வேலை என்று பெரிய வீட்டார் முகம் சுளித்தார்கள். இரவில் வீட்டுக்கு வெளியே தங்கும் பெண்ணைப் பற்றி ஊர் ஏதேதோ பேசியது. பெண் பார்க்க வந்தவர்கள் "நர்சா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனதும் உண்டு. நோயாளியின் உயிரைக் காக்க அவள் வேண்டும். வீட்டுக்கு மருமகளாக அவள் வேண்டாம்!

1946-ல் போர் கமிட்டி இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. அப்போது நாடு முழுவதற்கும் இருந்த நர்சுகள் ஏறக்குறைய 7,000 பேர்தான். ஏறக்குறைய 43,000 பேருக்கு ஒரு நர்சு! முகம் பழகுவது எப்படி?

திட்டுக்குப் பயந்து

பிறகு ஆஸ்பத்திரிகள் பெருகின. நர்சுகளும் பெருகினார்கள். ஆனாலும் பல பெண்கள் வீட்டிலேயே பிள்ளை பெற்றார்கள். ஏன்?

சிசிலியா வான் ஹாலன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1995-ல் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் ஏழைப் பெண்களிடம் இதையே கேட்டார். அவருடைய புத்தகம் 2003-ல் வெளிவந்தது. பெண்கள் சொன்ன காரணங்களைப் படித்தால் மனம் சங்கடப்படும். வலியில் கத்தினால் திட்டுகிறார்கள். துணைக்கு வந்த தாயாரை உள்ளே விடுவதில்லை. பிள்ளையைக் காட்டவும் தள்ளிக்கொண்டு போகவும் ஆயாவுக்குக் காசு கொடுக்க வேண்டும். கேட்காமலே கருத்தடைச் சாதனம் வைத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு.

ஆஸ்பத்திரி நல்லது என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே தயங்கினார்கள். அந்தத் தயக்கத்துக்கு விலை சில சமயம் ஓர் உயிர். ரத்தப் போக்கு நிற்காத பெண்ணுக்கு மணிக்கணக்கு இல்லை, நிமிடக் கணக்குதான்.

பூட்டாத கதவு

2000-க்குப் பிறகு தமிழ்நாட்டில் சில மாற்றங்கள் நடந்தன. ஆரம்ப சுகாதார நிலையங்கள் இரவு பகலாகத் திறந்திருப்பதற்காக ஒவ்வொன்றிலும் மூன்று நர்சுகள் முறை வைத்து அமர்த்தப்பட்டார்கள். நடுநிசியில் வலி கண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்ப வேண்டியதில்லை. 2004-ல் பிரசவ அறைக்குள் துணையாக ஒரு பெண்ணை அனுமதிக்கும் ஏற்பாடு வந்தது. தாயோ, அக்காளோ, மாமியாரோ பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் சாமர்த்தியமான யோசனை வளைகாப்புதான்!

கர்ப்பிணிகளையும் அவர்கள் வீட்டாரையும் சுகாதார நிலையத்துக்கே அழைத்தார்கள். சந்தனம் பூசி, கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். எலுமிச்சம் சாதம், தயிர்ச் சாதம் என்று கலவைச் சாதம் பரிமாறினார்கள். அப்படியே பிரசவ அறையையும் சுற்றிக் காட்டினார்கள். "உனக்கு வலி வந்தா நான்தான் இங்கே இருப்பேன், பயப்படாதே" என்று நர்சு சொல்லிவைக்க அது நல்ல சமயம். வளையல் போட்டுவிட்ட கையை அந்தப் பெண் மறப்பாளா?

மத்திய அரசின் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1998-99-ல் நூற்றுக்கு 79 பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடந்தன. 2005-06-ல் 88. 2015-16-ல் 99!

இத்தனைக்கும் நர்சு மட்டுமே காரணம் என்று சொன்னால் அது நியாயம் ஆகாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் வழங்கப்படும் மகப்பேறு உதவித் தொகை 2006-ல் 6,000 ரூபாயாகவும் 2011-ல் 12,000 ரூபாயாகவும் உயர்ந்தது. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. சாலைகளும் நல்லதாயின. பணம் வாசல்வரை கொண்டுவந்து விடும். உள்ளே கூப்பிடும் குரல்தான் மறுபடியும் வரவைக்கும்.

அவளும் மனுஷிதானே!

நர்சு ஏன் சிடுசிடுக்கிறார்? இதையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு வார்டு முழுவதற்கும் இரவில் ஒரே நர்சு. ஒரு பக்கம் குளுக்கோஸ் தீர்ந்துபோகிறது. இன்னொரு பக்கம் வாந்தி. வாசலில் விபத்துக் கேஸ் வருகிறது. நடுவில் நோட்டு நோட்டாக எழுத வேண்டும். வீட்டில் அவருடைய குழந்தைக்கே காய்ச்சலாக இருக்கலாம். குடித்துவிட்டு வந்து கையை ஓங்கும் உறவினர்களும் உண்டு.

2017 நவம்பரில் தமிழ்நாடெங்கும் இருந்து ஒப்பந்த நர்சுகள் சென்னையில் கூடிப் போராடினார்கள். அவர்கள் மாதச் சம்பளம் அப்போது 7,700 ரூபாய். அந்தச் சம்பளத்தில் வீட்டு வாடகை கொடுத்து, பிள்ளைகளுக்குப் பீஸ் கட்டி, சிரித்த முகமாகவும் இருக்க வேண்டும் என்றால் எப்படி?

அதற்காக நோயாளியைத் திட்டலாமா? கூடாது. ஆனால் "நர்சுக்கு அன்பு வேண்டும்" என்று உபதேசம் செய்பவர்கள், பக்கத்தில் இன்னொரு நர்சைப் போட்டால் அன்பு தானே வரும் என்பதை யோசிப்பதில்லை.

வாசல் தேடி

காய்ச்சல் நான்கு நாளில் போய்விடும். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் அப்படியல்ல; ஆயுள் முழுவதும் மாத்திரை. "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று நிறுத்திவிடுகிறவர்கள் அநேகம். பிறகு ஒரு நாள் கை கால் விழுந்துவிடுகிறது.

சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் இதற்கு அன்றே ஒரு வழி காட்டியது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைத் தாம்பரம் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களைக் குடிசையிலேயே இருக்கச் சொல்லி, வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கவனித்தார்கள். 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்திருந்தார்கள்! வாசலுக்கு வந்து, மாத்திரையை எண்ணிப் பார்த்து, நலம் விசாரித்தவர்களுக்கு அதில் பங்கு உண்டு.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டமும் ஏறக்குறைய அதே வழிதான். மாத்திரை வீடு தேடி வருகிறது. கொண்டுவருபவர் பெரும்பாலும் பக்கத்துத் தெருப் பெண்.

காவிரிக் கரைக் கிராமங்களில் கிராம சுகாதார நர்சுதான் எல்லோருக்கும் தெரிந்த முகம். சுமார் 5,000 பேருக்கு ஒருவர். தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு வரப்பு வழியாக நடந்து வருவார். எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள் என்பது மாமியாருக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

துணைச் சுகாதார நிலையத்துச் சுவரில் அவர் பெயரும் போன் நம்பரும் எழுதியிருக்கும். அவருக்கு மாற்றல் வந்தால் சுண்ணாம்பு அடித்துப் புதியவர் பெயரை எழுதிவிடுவார்கள். ஆனால் ராத்திரியில் வலி கண்டால் கொஞ்ச நாளைக்கு போன் போவது என்னவோ பழைய நம்பருக்குத்தான்.