பள்ளத்தைக் கண் பார்க்கும், மேட்டைக் கால் பார்த்துக்கொள்ளும்

"கீழே பார்த்து ஓடு." கரடுமுரடான தரையில் ஓடுகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் புத்தி இது. கோலார் தங்கவயலில் இதைச் சொல்லக் காரணமும் இருக்கிறது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து இறங்கியதிலிருந்து 2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்படும் வரை, பாறையை அரைத்துத் தங்கம் எடுத்தபின் கொட்டிய மண், சயனைடு மலைகளாக நிற்கிறது. மூன்று கோடி டன்னுக்கு மேல் இருக்கும். புல்லின் பிடிமானம் அதிகமில்லாத அந்தச் சரிவுகளை மழை அறுத்துக்கொண்டே போகிறது. போன வருடம் தடம் இருந்த இடத்தில் இந்த வருடம் ஆளை விழுங்கும் பள்ளம் இருக்கலாம்.

ஆனாலும் அந்தப் புத்திமதி பாதிதான் சரி. கீழே பார்க்க வேண்டும், காலடியில் அல்ல.

ஜொனாதன் மேத்திஸும் அவருடைய சகாக்களும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், கண்ணசைவைப் பதியும் கருவியை மாட்டிவிட்டு ஆட்களை வெட்டவெளியில் நடக்க விட்டார்கள். கல் நிறைந்த தரையில் நடந்தவர்களின் பார்வை பத்தில் ஒன்பது பங்கு நேரம் தரையில்தான் இருந்தது. அதுவும் சுமார் ஒன்றரை விநாடிக்குப் பிறகு தாங்கள் போய்ச் சேரப்போகும் இடத்தில். தரை எப்படி மாறினாலும் இந்த ஒன்றரை விநாடி பெரிதாக மாறவில்லை.

காரணம், அடுத்த அடி எங்கே விழும் என்பது பெரும்பாலும் இந்தக் கால் தரையை உந்தும்போதே தீர்மானமாகிவிடுகிறது. கால் கிளம்பிய பிறகு கல்லைப் பார்த்தால் கொஞ்சம்தான் திருத்த முடியும். ஓட்டத்தில் இரண்டு காலும் காற்றில் இருக்கும் கணம் வேறு உண்டு. அப்போது உடம்பின் போக்கை மாற்றவே முடியாது. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறவருக்கு ஒன்றரை விநாடி என்பது நான்கு மீட்டருக்குச் சற்று மேல்.

அப்படியானால் வழியில் கிடக்கும் சின்னச் சின்ன மேடுபள்ளத்தை எல்லாம் யார் பார்ப்பது? இதற்குப் பதில் தங்கவயலுக்குப் பக்கத்திலேயே, பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் கிடைத்தது. நிஹவ் தவலேயும் மதுசூதன் வெங்கடேசனும் காட்டுத்தடம்போல அலையலையான தரையை அமைத்து ஓட்டக்காரர்களை ஓடவிட்டார்கள். சமமான இடமாகத் தேடிக் கால் வைப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி வைக்கவில்லை. விழுந்த இடத்தில் விழட்டும் என்று ஓடினார்கள், தடுமாறவும் இல்லை. செலவான சக்தியும் சமதரையில் ஓடியதைவிடப் பெரிதாகக் கூடவில்லை. தரையைத் தொடும்போது கால் விறைக்காமல் நெகிழ்ந்து கொடுத்து, வண்டியின் ஸ்பிரிங்கைப்போல அதிர்ச்சியை வாங்கிக்கொண்டதே போதுமானதாக இருந்தது. 2023-ல் வெளியான இந்த முடிவுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. சின்ன மேடுகளைக் காலின் பொறுப்பில் விட்டால்தான், கண்ணுக்கு ஆழமான பள்ளத்தையும் முள்வேலியையும் தேட நேரம் கிடைக்கும்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓடிய கென்னத் பவல் கோலார் மண்ணில் பிறந்தவர். ஆனால் பந்தயத் தடத்தில் ஓடுகிறவருக்கு இந்தக் கவலை கிடையாது. தரை எப்படியிருக்கும் என்பது அவருக்கு முன்பே தெரியும்.

வெளியில் ஓடுகிறவருக்கு வெளிச்சமும் ஒரு சிக்கல். மேடு எது, பள்ளம் எது என்பதைக் கண் பெரும்பாலும் நிழலை வைத்தே கண்டுபிடிக்கிறது. காலை ஏழு மணிக்குச் சாய்வாக விழும் வெயிலில் சயனைடு மலையின் ஒவ்வொரு வெடிப்பும் கோடு போட்டதுபோலத் தெரியும். உச்சிவெயிலில் அதே சரிவு ஒரே நிறத்தில் தட்டையாகிவிடும். இருட்டில் ஓடும் பலர் நெற்றியில் விளக்கு கட்டிக்கொள்கிறார்கள். அது கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே வெளிச்சம் போடுவதால் நிழல் பொருளுக்குப் பின்னால் மறைந்துபோகும். சுரங்கத்தில் தொப்பி விளக்கோடு நடந்தவர்களுக்கு இது புதிதல்ல. விளக்கை இடுப்பில் கட்டினால் நிழல் நீளும், கல் தெரியும்.

கண்ணாடி போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படிப்பதற்கான பவர் கீழ்ப்பாதியில் உள்ள கண்ணாடி தரையை மங்கலாக்கும். இத்தகைய கண்ணாடி போட்ட முதியவர்கள் அதிகம் விழுகிறார்கள் என்பது ஆஸ்திரேலியாவில் 2002-லேயே பதிவாகியிருக்கிறது. ஓடவும் நடக்கவும் தூரப்பார்வைக்கு மட்டுமான கண்ணாடி தனியாக ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

காற்று பலமாக அடிக்கும் நாட்களில் சயனைடு மலைப் பக்கமே போகாதீர்கள். அந்தத் தூசி கண்ணை மறைப்பதோடு நிற்காது, நுரையீரலுக்கும் போகும்.