சிப் மாறினால் நிரல் ஏன் முரண்டு பிடிக்கிறது?

இன்டெல் கணினியில் பல ஆண்டுகளாகப் பிசகில்லாமல் ஓடும் லினக்ஸ் தொகுப்பு ஒன்றை ரிஸ்க்-ஃபைவ் போர்டில் கம்பைல் செய்தால் சில சமயம் பாதியில் நின்றுவிடும். சிப்பைத்தான் முதலில் திட்டத் தோன்றும். பெரும்பாலும் குற்றவாளி நிரல்தான்.

ரிஸ்க்-ஃபைவ் என்பது 2010-ல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தொடங்கிய கட்டளைத் தொகுதி. உரிமக் கட்டணம் கிடையாது. சென்னை ஐஐடியின் ‘சக்தி’ சிப்புகளுக்கும் அடிப்படை இதுதான். டெபியன் லினக்ஸில் இதற்கு அதிகாரபூர்வ இடம் கிடைத்தது 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில்தான். அதற்குள் ஆயிரக்கணக்கான தொகுப்புகளைக் கம்பைல் செய்து பார்த்து, தோற்றவற்றைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

சில கோளாறுகள் அற்பமானவை. பழைய தொகுப்பில் கணினி வகையைக் கண்டறியும் ‘கான்ஃபிக்.கெஸ்’ என்ற கோப்பு புதிய சிப்பைக் கேள்விப்பட்டே இருக்காது. புதுக் கோப்பைப் போட்டால் தீர்ந்தது. வேகத்துக்காக இன்டெலின் தனிக் கட்டளைகளை நேரடியாக எழுதிய நிரல்களில், சாதாரண சி மொழியில் மாற்று வழி எழுதித் தர வேண்டும்.

பேய்த்தனமான கோளாறு வேறு. கோப்பு முடிந்ததும், எழுத்து எழுத்தாகப் படிக்கும் சி மொழியின் ‘கெட்சார்’ −1 என்ற எண்ணைத் தரும். அதை ஒரு பைட் கொள்ளும் எழுத்து மாறியில் வாங்கி, ‘−1 வரும்வரை படி’ என்று எழுதியவர்கள் ஏராளம். இன்டெலில் அந்த மாறி எதிர்ம எண்ணையும் ஏற்கும். ரிஸ்க்-ஃபைவில் 0 முதல் 255 வரைதான். −1 உள்ளே போனதும் 255 ஆகிவிடும். 255 ஒருநாளும் −1-க்குச் சமமாகாது. சுழற்சி முடிவில்லாமல் ஓடும். பிழைச் செய்தியே வராது. தொகுப்பைக் கம்பைல் செய்து சோதிக்கும் சர்வர், காத்திருந்து அலுத்து, நேரம் கடந்துவிட்டது என்று வேலையைக் கொன்றுவிடும்.

மாறியை முழு எண்ணாக அறிவித்தால் போதும், ஒரே சொல் திருத்தம். வேடிக்கை என்னவென்றால், இன்டெலிலும் பழைய நிரல் பிழைதான்: கோப்பின் நடுவே 255 என்ற பைட் வந்தால் நிரல் அங்கேயே முடிவு என்று நினைத்துக்கொள்ளும். யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

எனவே தோற்கும் சோதனையை அணைத்துவிட்டு ‘பாஸ்’ வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. திருத்தத்தை மூல ஆசிரியருக்கே அனுப்புங்கள். போர்டு கைவசம் இல்லாதவர்கள் கியூஎமு என்ற இலவச எமுலேட்டரில் முயன்று பார்க்கலாம். மெதுவாக ஓடும், ஆனால் இந்த வகைப் பிழையைப் பிடிக்க அது போதும்.