கோணலாக நின்றால்தான் நேராக ஓடும்

நிற்கும் கார் ஒன்றின் முன்சக்கரங்களை நுட்பமாக அளந்து பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். அவை முற்றிலும் நேராக நிற்பதில்லை. சற்றே சாய்ந்தும் திரும்பியும் நிற்கின்றன. இது தொழிற்சாலையில் நேர்ந்த பிழையன்று. வேண்டுமென்றே வைத்த கோணல். இந்தக் கோணல்களைச் சரியான அளவில் வைப்பதைத்தான் பணிமனைகளில் 'வீல் அலைன்மெண்ட்' என்கிறார்கள்.

இங்கிலாந்தில் அபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை உருவான எம்.ஜி.பி. என்ற விளையாட்டு வகைக் காரை எடுத்துக்கொள்வோம். ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்ற கார் இது. (இன்று நம் சாலைகளில் ஓடும் எம்.ஜி. கார்களுக்கும் இதற்கும் பெயரும் சின்னமும் மட்டுமே பொது.) இவற்றுள் கடைசியாகப் பிறந்த காருக்கும் நாற்பது வயது கடந்துவிட்டது. ஆர்வலர்கள் இன்னும் இவற்றைப் பேணி ஓட்டுகிறார்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் தானாக அலைபாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே, அலைன்மெண்ட் இங்கே அழகுக்கான வேலை அல்ல.

கோணங்களைப் பார்ப்போம். உங்கள் சைக்கிளின் முன் ஃபோர்க்கைக் கவனியுங்கள். ஹேண்டில்பார் திரும்பும் அச்சு செங்குத்தாக இல்லை, பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. அந்த அச்சைக் கோடாக நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் முட்டும். ஆகவே டயர் எப்போதும் அச்சுக்குப் பின்னால் இழுபட்டு வருகிறது. பக்கவாட்டில் திரும்பினாலும் தரையின் உராய்வு அதை நேராக்கிவிடும். காரில் இச்சாய்வுக்கு 'காஸ்டர்' என்று பெயர். எம்.ஜி.பி.யில் இது 7 பாகை. சக்கரத்தின் ஆரம் 300 மி.மீ. என்று கொண்டால், முன்தள்ளும் தூரம் 300 × டேன் 7 பாகை, அதாவது சுமார் 37 மி.மீ. டேன், சைன் எல்லாம் எங்கே பயன்படும் என்று வகுப்பில் கேட்கும் மாணவர்களுக்கு இது நல்ல விடை.

அடுத்தது 'கேம்பர்'. முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை வெளிப்புறம் சாய்ந்திருந்தால் அது நேர்க்குறிக் கேம்பர், எம்.ஜி.பி.க்கு ஏறத்தாழ 1 பாகை. சாய்ந்த சக்கரம் கூம்பைப் போல நடந்துகொள்ளும். வாய் அகன்ற டம்ளரைத் தரையில் உருட்டினால் அது வட்டமடிக்கிறதல்லவா? அதுபோல இரு சக்கரங்களும் எதிரெதிர்த் திசையில் விலகப் பார்க்கும். சாய்வு சமமானால் இரு விசைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். சமமில்லையேல் கார் ஒருபுறம் இழுக்கும். இந்தக் காரில் காஸ்டரையும் கேம்பரையும் மாற்றத் திருகு எதுவும் இல்லை. அவை மாறியிருந்தால் ஸ்பிரிங் தொய்ந்தோ, புஷ் தேய்ந்தோ, ஏதோ ஒரு பாகம் வளைந்தோ இருக்கிறது என்று பொருள்.

திருகித் திருத்தக்கூடியது 'டோ' ஒன்றுதான். கால்விரல்களை உள்நோக்கித் திருப்பி நின்று பாருங்கள், அதுவே டோ-இன். முன்சக்கரங்களின் முன்விளிம்புகளுக்கு இடையேயுள்ள தூரம், பின்விளிம்புகளுக்கு இடையேயுள்ள தூரத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். எம்.ஜி.பி.க்கு இவ்வேறுபாடு 1.6 முதல் 2.4 மி.மீ. வரை, ஒரு நாணயத்தின் கனம்! ஓடும்போது தரையின் தடை முன்சக்கரங்களைப் பின்னுக்குத் தள்ளும். மூட்டுகளிலும் ரப்பர் புஷ்களிலும் உள்ள நெகிழ்ச்சியால் அவை சற்றே வெளிப்புறம் திரும்பும். முன்கூட்டியே உள்நோக்கி வைத்திருந்தால் ஓட்டத்தில் நேராகிவிடும்.

இவ்வளவு சிறிய அளவா பெரிது என்று கேட்கலாம். கணக்கிடுவோம். டயரின் விட்டம் 600 மி.மீ., டோ-இன் தவறுதலாக 12 மி.மீ. என்று கொள்ளுங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் பங்கும் 6 மி.மீ.; கோணம் 6/600, அதாவது நூற்றில் ஒரு பங்கு. அப்படியானால் 1 கிலோமீட்டர் ஓடும்போது ஒவ்வொரு டயரையும் 10 மீட்டர் பக்கவாட்டில் இழுத்துத் தேய்ப்பதற்குச் சமம். சென்னையிலிருந்து மதுரை வரை, சுமார் 460 கிலோமீட்டர் போனால், நாலரை கிலோமீட்டருக்கு மேல் குறுக்கே தேய்த்ததாகும்! டயரின் மேல் கையைக் குறுக்கே ஓட்டினால் ஒருபுறம் வழவழப்பாகவும் மறுபுறம் ரம்பப் பல்போலவும் தட்டுப்படுவது இதனால்தான்.

ஆனால் அளப்பதற்கு முன் தளர்ச்சியைப் பார்க்க வேண்டும். ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் குற்றம் பேரிங்கில். மறையாவிட்டால் கிங் பின்னிலோ அதன் புஷ்ஷிலோ. தளர்ந்த கிங் பின்னை வைத்துக்கொண்டு டோவைத் திருத்துவது ஆடும் மேசைமேல் தராசு வைத்து நிறுப்பது போன்றது. அலைபாய்வு நீங்காது, கிங் பின்னோ மேலும் தேயும்.

இனி அளவு. ஒரு ரீப்பர் கட்டையில் இரண்டு கம்பிகளைச் செங்குத்தாகப் பொருத்தினால் கருவி தயார். காரைச் சமதளத்தில் சில மீட்டர் முன்னோக்கி உருட்டி நிறுத்துங்கள். இரு டயர்களின் முன்பக்கத்திலும், அச்சின் உயரத்தில், சுண்ணக்கட்டியால் குறியிட்டு இடைத்தூரத்தை அளவுங்கள். பிறகு சக்கரம் அரைச்சுற்றுச் சுழலும்வரை காரை முன்னோக்கியே தள்ளுங்கள். அதே குறிகள் இப்போது பின்பக்கம் வந்திருக்கும், மீண்டும் அளவுங்கள். இரண்டாவது அளவிலிருந்து முதலாவதைக் கழித்தால் டோ-இன்.

அரைச்சுற்று ஏன்? பழைய சக்கரத்தின் ரிம் இரண்டு மில்லிமீட்டர் வளைந்திருப்பது சாதாரணம். நாம் தேடும் அளவே அவ்வளவுதான். ஒரே குறியை இருமுறை அளப்பதால் வளைவின் பிழை இரு அளவுகளிலும் ஒன்றுபோல் புகுந்து, கழிக்கும்போது மறைந்துவிடுகிறது. ஆய்வகத்தில் மாணவர்கள் கற்கும் பிழைநீக்க முறைகளுள் இதைவிட எளியதை நான் கண்டதில்லை. பின்னோக்கி உருட்டலாகாது, மூட்டுகளின் தளர்வு எதிர்த்திசையில் சாய்ந்து அளவைக் கெடுக்கும். ரிம்மில் அளந்தால் விட்டம் குறைவு. அதே மில்லிமீட்டர் அங்கே பெரிய கோணமாகும். கையேடு எந்த இடத்து அளவைக் குறிக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

திருத்தும்போது இருபுற டை ராடுகளின் நீளமும் சமமாக இருக்குமாறு திருக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் டோ சரியாகும். ஆனால் நேராக ஓடும்போது ஸ்டியரிங் வளையம் கோணலாக நிற்கும். லாக் நட்டுகளை முடுக்கிய பின் காரை மறுபடி முன்னோக்கி உருட்டி இன்னொரு முறை அளவுங்கள். முடுக்கும்போதே ராடு சற்றுத் திரும்பியிருக்கக்கூடும்.