பாட்டு கேட்டுக்கொண்டே படிக்கலாமா?

பாட்டு கேட்டுக்கொண்டே படித்தால் பாடம் மனத்தில் பதியுமா என்னும் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. படிப்பு என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் வாசித்தல், உருப்போடுதல், கணக்குப் போடுதல், படம் வரைதல் எனத் தம்முள் வேறுபட்ட பல வேலைகள் அடங்கியுள்ளன. அவற்றுள் எது மனத்தின் எந்த ஆற்றலைக் கேட்கிறது என்பதைப் பொறுத்தே இசை துணையாவதும் இடையூறாவதும் அமைகின்றன.

ஆலன் பேட்லி, கிரகாம் ஹிட்ச் என்னும் பிரித்தானிய உளவியலாளர்கள் இருவரும் 1974-இல் செயல்பாட்டு நினைவு என்னும் கோட்பாட்டை முன்வைத்தனர். கையிலுள்ள வேலைக்கு வேண்டிய செய்திகளைச் சில நொடிகள் மட்டும் தாங்கி நிற்கும் நினைவையே அது குறிக்கும். அதன் உறுப்புகளுள் ஒன்றான ஒலிச்சுழல், கண்ணால் வாசித்த சொற்களையும் ஒலியாக மாற்றி, வாய்க்குள் முணுமுணுப்பது போலத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வதன் மூலம் தக்கவைக்கிறது. ஏறத்தாழ 2 நொடிகளுக்குள் சொல்லி முடிக்கத்தக்க அளவே அதில் தங்கும். தனிமங்களின் பெயர்களை வரிசை பிசகாமல் உருப்போடும் மாணவி ஒருத்தியின் காதில் திரைப்பாடல் ஒன்று ஒலிக்குமானால், லித்தியம், பெரிலியம், போரான் என்று சுழன்றுகொண்டிருக்கும் அந்தக் குறுகிய இடத்துக்குள் பல்லவியின் சொற்களும் புகுந்துவிட, போரானுக்கு அடுத்தது எதுவென்று தடுமாறி அவள் மீண்டும் ஹைட்ரஜனிலிருந்து தொடங்க நேர்கிறது.

பொருள் புரியாத வேற்றுமொழிப் பாட்டு தொல்லை தராது என்று கருதுவோர் உண்டு. ஆனால் கோல், வெல்ஷ் ஆகியோர் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் மாணவர்கள் எழுத்து வரிசைகளை நினைவில் வைக்க முயன்றபோது பின்னணியில் ஜெர்மன் உரை வாசிக்கப்பட, அவர்களுடைய நினைவாற்றல் குறைந்தது. பிடித்த பாட்டு என்பதும் காப்பாற்றுவதில்லை: பெர்ஹாம், விசார்ட் ஆகியோரின் 2011-ஆம் ஆண்டுச் சோதனையில், விரும்பிய பாட்டும் வெறுத்த பாட்டும் வரிசை நினைவை ஒன்றுபோலவே கெடுத்தன. சொல்லில்லாத கருவியிசையால் விளையும் இடையூறு, பாட்டால் விளைவதைவிடக் குறைவு. பக்கத்து அறைத் தொலைக்காட்சியின் பேச்சொலியை மறைக்க வேறு வழியற்ற வீடுகளில் அதை நாடுவது தக்கதே.

இசை அறிவை வளர்க்கும் என்ற பரவலான நம்பிக்கைக்கு வேராக அமைந்தது, 1993-இல் பிரான்சஸ் ராஷரும் அவருடன் பணியாற்றியோரும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வாகும். கலிஃபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்கள், மொசார்ட் இரு பியானோக்களுக்காக இயற்றிய சொனாட்டாவை 10 நிமிடம் கேட்டபின், தாளை மடித்து வெட்டினால் எவ்வடிவம் கிடைக்கும் என்பது போன்ற இடஞ்சார் கணிப்புகளில் சற்றுச் சிறந்து விளங்கினர். அப்பயனும் கால் மணி நேரத்துக்குள் மறைந்துவிட்டது. குழந்தைகளைப் பற்றி எதுவுமே கூறாத இந்த ஆய்வை நம்பி, 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு வழங்க 1,05,000 டாலர் ஒதுக்குமாறு கேட்டது, அறிவியல் செய்தி எவ்வளவு விரைவில் திரிந்துபோகிறது என்பதற்கு வருந்தத்தக்க சான்று. பின்னர் 2001-இல் தாம்சன், ஷெல்லன்பெர்க், ஹுசைன் ஆகியோர், அச்சிறு பயனுக்குக் காரணம் மொசார்ட்டின் தனித்திறம் அன்று, துள்ளலான இசை தரும் மனவெழுச்சியும் விழிப்புமே என்று காட்டினர்.

இந்த ஆய்வுகளில் இசை ஒலித்தது வேலைக்கு முன்னரே அன்றி, வேலையின் போது அன்று என்பதைப் பலரும் கவனிக்கத் தவறுகின்றனர். சோர்ந்திருக்கும் மாணவர் புத்தகத்தைத் திறக்குமுன் மனம் விரும்பும் பாட்டைக் கேட்டுத் தெளிவடைவதும், படம் வரையும்போதும் குறிப்பேட்டைப் பார்த்தெழுதும்போதும் அதை ஓடவிடுவதும் பெரும்பாலும் தீங்கற்றவை. உருப்போடும் வேளையின் நிலை வேறு. இசையின் பின்னணியில் கற்ற சொற்கள் அதே இசை மீண்டும் ஒலிக்கும்போதே நன்றாக நினைவுக்கு வருகின்றன என்று ஸ்டீவன் ஸ்மித் 1985-இல் கண்டறிந்தார். தேர்வறையிலோ அந்த இசை ஒலிக்கப்போவதில்லை.