சாமான் எடுக்காமல் ஒரு பிரயாணம்

சாமான் எடுக்க வெளிநாடு போய் வரும் வியாபாரிகள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் சென்னைக்கும் பேங்கொக்கிற்கும் பல தடவை போய் வந்தவன்தான். ஆனால் அந்தப் பயணங்களில் டிக்கட்டை ஏஜென்சிக்காரர் போடுவார். தங்குமிடத்தைக் கூட வரும் கூட்டாளி பார்த்துக் கொள்வார். ஹஜ்ஜுக்குப் போன போதும் எனது கடவுச்சீட்டு குழுத் தலைவரின் பையில்தான் இருந்தது. ஆகவே, கல்யாணம் முடித்து 29 வருடங்களாகத் தவணை சொல்லி வந்த ஒரு வாக்கை நிறைவேற்ற, 2024 ஜூலையில் மனைவியோடு சிங்கப்பூர் புறப்பட்ட போது நான் ஒரு புதுப் பயணியாகவே இருந்தேன். எல்லா ஏற்பாடுகளையும் நானே செய்தேன். பிழைகளும் என்னுடையவையே.

ஏன் சிங்கப்பூர் என்று சிலர் கேட்டார்கள். விலை கூடிய ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அங்கே குறுகிய காலம் தங்க விசா தேவையில்லை. விமானத்தில் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம். தமிழ் அங்கே அரச கரும மொழிகளில் ஒன்று. ஹலால் உணவுக்கு அலையத் தேவையில்லை. முதல் தடவை தனியாகப் போகிறவர் இப்படிப் பாதி தெரிந்த ஊரையே தெரிவு செய்வது நல்லது. நான் முதலில் போட்ட திட்டத்தில் ஏழு நாட்களுக்குள் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு மூன்றும் இருந்தன. மகன் கடதாசியைப் பார்த்துவிட்டு, "வாப்பா, இதுல ரெண்டு நாள் பஸ்ஸிலேயே போயிடும்" என்றான். ஒரே ஊர், நான்கு இரவுகள் என்று வெட்டினோம்.

வியாபாரிக்குப் பயணத் திட்டம் விமான நிலையத்தில் தொடங்குவதில்லை, கடையில் தொடங்குகிறது. நோன்பு காலத்திலும் பெருநாள் சீசனிலும் கடையை விட்டு அசைய முடியாது. ஹஜ் பெருநாள் முடிந்து வியாபாரம் மந்தமாகும் வாரங்களே எனக்குத் தோதாக இருந்தன. அடுத்தது காசோலைகள். நாம் கொடுத்திருக்கும் பின்திகதியிட்ட காசோலைகளில் எவை அந்த நாட்களில் வங்கிக்கு வருகின்றன, நமக்கு வர வேண்டியவற்றில் எவற்றை நம்பலாம் என்று ஒரு கொப்பியில் எழுதினேன். போகும் முன்னரே அதற்குரிய பணத்தைக் கணக்கில் போட்டேன். வர வேண்டிய பணத்தை நம்பிப் போக வேண்டிய காசோலையை விட்டுச் செல்லாதீர்கள். மகனுக்கு இருபத்து நான்கு வயது. அதுவரை அவனிடம் கடைச் சாவியைக் கொடுத்திருக்கிறேன், பொறுப்பைக் கொடுத்ததில்லை. உண்மையைச் சொன்னால் டிக்கட் காசை விட எனக்குப் பயமாக இருந்தது அதுதான்.

இனி டிக்கட். இணையத்தில் நாமே போடும் போது கவனிக்க வேண்டியது விலையை மட்டுமல்ல, பெயரையும் திகதியையும்தான். நம்மவர்களின் பெயர்கள் நீளமானவை. வாப்பாவின் பெயர் முன்னால், முதலெழுத்துகள் இடையில், முஹம்மத் என்ற ஒரு பெயருக்கே ஆங்கிலத்தில் நாலைந்து எழுத்துக்கூட்டல்கள். நான் மனைவியின் பெயரை வீட்டில் வழங்குகிற மாதிரி அடித்துவிட்டேன். கடவுச்சீட்டில் வேறு விதமாக இருந்தது. திருத்துவதற்கு விமானக் கம்பனி கட்டணம் எடுத்தது. கடவுச்சீட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகப் பார்த்து அடியுங்கள். அதே நேரம் காலாவதித் திகதியையும் பாருங்கள். ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

திகதி விடயம் இன்னும் பொல்லாதது. கொழும்பிலிருந்து கிழக்கே போகும் விமானங்கள் பல நள்ளிரவு கழிந்து புறப்படுபவை. 12ஆம் திகதி 00.40 என்று டிக்கட்டில் இருந்தால், நீங்கள் வீட்டை விட்டு இறங்க வேண்டியது 11ஆம் திகதி இரவு. எனது நண்பர் ஒருவர் 12ஆம் திகதி இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, குடும்பத்தோடு வேனில் கட்டுநாயக்காவுக்குப் போய் இறங்கினார். விமானம் போய் இருபது மணித்தியாலம் கழிந்திருந்தது.

அறை எடுப்பதிலும் இதே கணக்கு வருகிறது. காலையில் போய் இறங்குவீர்கள், ஹோட்டலில் அறை தருவதோ பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு. பொதிகளைக் கவுண்டரில் வைத்துவிட்டு வெளியே போக வேண்டியதுதான். மனைவிக்குக் கால் வலி என்பதால் நான் முன்கூட்டியே கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மலிவாக இருக்கிறதென்று பணம் திரும்பாத அறையை எடுக்க வேண்டாம் என்பது எனது அபிப்பிராயம். நமது தொழிலில் கடைசி நேரத்தில் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்?

சிங்கப்பூருக்குள் நுழைய, போய்ச் சேரும் நாளோடு மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசாங்கத்துடையதல்ல, மூடிவிடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை சரக்குக்குக் கொஸ்டிங் போடுவது போலவே போட்டேன். டிக்கட், அறை, நாட்செலவு, இவற்றுக்கு மேலே பத்து வீதம் கையிருப்பு. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து இரண்டு மூன்று மாதங்களுக்குள் 350ஐத் தாண்டியதைப் பார்த்தவர்கள் நாம். அறைக் காசை இங்கிருந்தே கட்டி முடித்ததால் மனம் இலேசாக இருந்தது. கிரெடிட் கார்டில் கட்டும் போது வங்கி தனது மாற்று விகிதத்தையும் கட்டணத்தையும் சேர்க்கும். அதையும் கணக்கில் எடுங்கள்.

சாங்கி விமான நிலையத்தில் டாக்சிக்காரரைத் தேடவில்லை. ரயிலில் ஏறி, அடுத்த நிலையமான எக்ஸ்போவில் நீல நிற வழித்தடத்துக்கு மாறினால் லிட்டில் இந்தியாவிலேயே இறங்கலாம். வங்கிக் கார்டைத் தட்டினால் கதவு திறக்கும். ஒரே கார்டில் இருவர் போக முடியாது என்பது எனக்குத் தெரியாது. நான் உள்ளே, மனைவி வெளியே. அங்கிருந்த ஊழியர் தமிழில் பேசித்தான் அவருக்கு வேறு வழி செய்து கொடுத்தார்.

சாப்பாட்டுக்கு உணவங்காடிகள் போதும். ஐந்திலிருந்து எட்டு டொலருக்குள் ஒருவர் வயிறாறச் சாப்பிடலாம். இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் சான்றிதழ் கடையில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். பக்கத்துக் கடையிலேயே பன்றி இறைச்சி விற்கும். தட்டுகளை நாமே எடுத்து வைக்க வேண்டும், 2021 முதல் அது சட்டம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு உண்டு. கல்யாண வீட்டில் கூட எழும்பித் தட்டு எடுக்காத நான் அங்கே வரிசையில் நின்றதைப் பார்த்து மனைவி சிரித்துக் கொண்டிருந்தார். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். அது தெரியாமல் முதல் நாள் போத்தல்களுக்குச் செலவழித்தேன்.

வெள்ளிக்கிழமை சவுத் பிரிட்ஜ் வீதியிலுள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசலுக்குப் போனேன். வியாபாரத்துக்காகக் கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1826இல் நிறுவியது. அந்தத் தூண்களுக்கிடையே உட்கார்ந்த போது, அவர்கள் எந்தக் காசோலையை யாரிடம் விட்டுவிட்டு வந்தார்களோ என்று ஒரு யோசனை ஓடியது.

மூன்றாம் நாள்தான் நான் கெட்டேன். சிராங்கூன் வீதியில் ஒரு மொத்தக் கடைக்குள் 'சும்மா பார்ப்போம்' என்று நுழைந்தேன். விலை கேட்டேன், பெட்டிக்கு எத்தனை என்று கேட்டேன், மாதிரி எடுத்தேன். வெளியே வந்த போது இரண்டரை மணித்தியாலம் போயிருந்தது. மனைவி கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். "நாம சாமான் எடுக்கவா வந்தோம்?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலை கடற்கரைப் பூங்காவில் மின்விளக்கு மரங்களைப் பார்ப்பதாக இருந்தோம். காசு கொடுக்கத் தேவையில்லாத காட்சி அது. போய்ச் சேரும் போது முடிந்திருந்தது. மறுநாள் மாலை நேரத்தோடு போய் உட்கார்ந்தோம். கையடக்கத் தொலைபேசியை அவரது கைப்பையில் போட்டுவிட்டேன்.

திரும்பி வந்த அன்றே கடைக்குப் போனேன். கல்லாவுக்குள் திரும்பி வந்த காசோலை ஒன்று இருந்தது, சிறிய தொகை அல்ல. நாங்கள் போன இரண்டாம் நாளே வங்கி திருப்பியிருக்கிறது. மகன் அந்த வாடிக்கையாளரிடம் நேரில் போய்ப் பாதியைப் பணமாக வாங்கி, மீதிக்குப் புதுத் திகதி எடுத்திருந்தான். ஏன் எனக்கு அறிவிக்கவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீங்க அடுத்த பிளைட்டுலயே வந்திருப்பீங்க" என்றான்.