பால் போதவில்லை என்னும் கவலை

தலைப் பிரசவம் கண்ட பெண்ணுக்கு நேரும் துன்பங்களுள் வெளியே தெரியாதது ஒன்றுண்டு. குழந்தை ஓயாமல் அழுகிறது; "பால் போதவில்லை போலும்" என்கிறார் மாமியார்; அண்டை வீட்டாரும் அதனை ஆமோதிக்கின்றனர். அன்று முதல், பெற்ற குழந்தையைத் தானே பட்டினி போடுவதாக எண்ணி அப்பெண் மனம் குன்றுகிறாள். இக்குற்றச்சாட்டு பெரும்பாலும் ஆதாரமற்றது என்பதை வீட்டிலுள்ள ஆடவரும் அறிந்திருத்தல் அவசியம்.

மாடு வளர்ப்போருக்கு இதனை விளக்குதல் எளிது. கன்று முட்டினால் பசு சுரப்பு விடுகிறது. மிரண்ட பசுவோ பாலை அடக்கிக்கொள்கிறது. மடியில் பால் இல்லை என்பது அதன் பொருளன்று. தாயின் உடலும் ஏறக்குறைய இவ்வாறே இயங்குகிறது. குழந்தை சப்பும்போது ஹார்மோன் எனப்படும் சுரப்பு நீர்கள் இரண்டு வெளிப்படுகின்றன. ஒன்று பாலை உண்டாக்குகிறது. மற்றொன்று அதனை வெளியே தள்ளுகிறது. வலியும் அச்சமும் இந்த இரண்டாவதைத் தடை செய்யும். ஆகவே, ஏச்சுக் கேட்கும் தாய்க்குப் பால் இறங்கத் தாமதமாவதில் வியப்பில்லை. பசுவை வைது பால் கறந்தவர் எவருமிலர்!

முதல் இரண்டு மூன்று நாட்களில் சுரப்பது சிறிதளவு சீம்பாலே. குழந்தையின் இரைப்பையும் அப்போது மிகச் சிறியதாகையால், அதுவே போதும். இச்சமயத்தில் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினால் குழந்தை சப்புவது குறையும். அதனால் பால் சுரப்பதும் குறையும். நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பாலூட்டுதல் வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பின் குழந்தை தினம் 6 முறையேனும் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவருமாயின் பால் போதுமானதே. அழுகையை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது.

காம்பில் வெடிப்பும் வலியும் உண்டானால், குழந்தை காம்பின் நுனியை மட்டும் கவ்வுகிறது என்று ஐயுறலாம். வாயை அகலத் திறந்து, சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வும்படி அணைக்க வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர் அருகிலிருந்து ஒருமுறை காட்டினால் இது கைவந்துவிடும். பால் கட்டிக்கொண்டு மார்பு சிவந்து காய்ச்சல் கண்டால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்க. அப்போதும் பாலூட்டுதலைப் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை.

பிரசவத்தில் உதிரம் மிகுதியாகப் போனமையாலோ வேறு நோயினாலோ உண்மையாகவே பால் குறையும் தாய்மார் சிலர் உளர். குழந்தை சோர்ந்து கிடந்தாலும், சிறுநீர் குறைந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுக. அவர் வேறு பால் தரச் சொல்வாராயின் அது தாயின் தோல்வியன்று. இதனைக் கணவரே வாய்விட்டு அவளிடம் சொல்லுதல் நலம். இரண்டு வாரங்களுக்கு மேலும் அழுகையும் உறக்கமின்மையும் நீடித்தால், அது சிகிச்சையால் தீரும் நோய், சோம்பலென்று ஒதுக்கற்க.

2015-ஆம் ஆண்டில் தமிழகத்துப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் ஊரிலும், தாய்மார் வந்து காத்திருக்கும் அலுவலகத்திலோ அங்கன்வாடியிலோ மறைவான ஓரிடமும் ஒரு நாற்காலியும் குடிநீரும் ஏற்பாடு செய்யலாம். இதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் ஆகாது.